காணாமல் போன ஒரு கோப்பும், படிக்க முடியாமல் போன தமிழும்



நம் பழைய மாணவர் குழுவில் போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். ஒருவருடைய அப்பா கணினியில் தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு, இப்போது திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகிறது. இன்னொருவர் கடையில் பழைய கணக்கு மென்பொருள், புதுக் கணினியில் ஏற்றியதும் "டி.எல்.எல். கோப்பு இல்லை" என்று சொல்லி நின்றுவிடுகிறது. மூன்றாமவர் வீட்டுப் பரணில் ஒரு டப்பா நிறைய ஃபிளாப்பி இருக்கிறது, தூக்கிப் போடலாமா என்கிறார்.

நான் பாடம் நடத்தியது வரலாறு. கணினி எனக்குப் பிழைப்புப் பாடம் அல்ல. பள்ளி அலுவலக வேலைக்காகவும் ஆர்வத்தாலும் கற்றுக்கொண்டது. ஆனால் இந்த மூன்று கேள்விகளுக்கும் பின்னால் இருப்பது ஒரு வரலாறுதான். முப்பது, நாற்பது ஆண்டு வரலாறு. நாமெல்லாம் அதற்குள்தான் வாழ்ந்தோம், ஆனால் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். ஒண்டிக்கடையில் இன்று பகல் முழுக்க மூடுபனி. எனக்கும் வெளியே போக வேலையில்லை. நீங்களும் ஒரு காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில், "சிஸ்டம் ஃபைல்" என்றால் என்ன? நம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் வரும்போது கரண்டியும் கத்தியும் கொண்டுவருவார். அண்டாவும் அடுப்பும் கோட்டை அடுப்புக்கு விறகும் மண்டபத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில் வருவார். கணினி நிரலும் அப்படித்தான். எழுத்தைத் திரையில் காட்ட, கோப்பைத் திறக்க, அச்சடிக்க என்று பொதுவான வேலைகளுக்கெல்லாம் அது தனியாகப் பாத்திரம் கொண்டுவருவதில்லை. இயங்குதளத்தில் இருக்கும் பொதுக் கோப்புகளை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். விண்டோஸில் இந்தப் பொதுப் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு டி.எல்.எல். என்று பெயர் முடியும். அண்டா இல்லையென்றால் சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சாம்பார் இல்லை.

இதில் இன்னொரு வம்பும் உண்டு. தொண்ணூறுகளில் ஒரு புது மென்பொருளை நிறுவினால், அது தனக்கு வேண்டிய பொதுக் கோப்பைத் தானே கொண்டுவந்து, ஏற்கெனவே அங்கிருந்த கோப்பின் மேல் வைத்துவிடும். பெயர் ஒன்றுதான், பதிப்பு வேறு. காலையில் வந்த சமையல்காரர் பெரிய அண்டாவை எடுத்துக்கொண்டு, அதே பெயரில் சின்ன அண்டாவை வைத்துவிட்டுப் போனது மாதிரி. சாயங்காலம் வருபவர் திண்டாடுவார். இந்தத் தொல்லைக்குக் கணினிக்காரர்கள் "டி.எல்.எல். நரகம்" என்றே பெயர் வைத்தார்கள். விண்டோஸ் 98-இல் சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் கருவி ஒன்றை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. விண்டோஸ் 2000-இல் அந்தக் கோப்புகளுக்குக் காவலே போட்டது. யாராவது மாற்றினால், ஒளித்து வைத்திருக்கும் நகலைக் கொண்டு காவல்காரன் பழையபடி ஆக்கிவிடுவான்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் பாத்திரங்கள் குறைவு. ஐ.ஓ.சிஸ், எம்.எஸ்.டாஸ்.சிஸ், கமாண்ட்.காம் என்ற மூன்று கோப்புகள் இருந்தால் கணினி எழுந்து நிற்கும். அதில் கமாண்ட்.காம் போய்விட்டால் "பேட் ஆர் மிஸ்ஸிங் கமாண்ட் இன்டர்பிரட்டர்" என்று ஒரு வரி வரும், அதோடு சரி. அப்போதெல்லாம் கணினி மெக்கானிக் சட்டைப் பையில் ஒரு ஃபிளாப்பி இருக்கும். அதில் கணினியை எழுப்பி, "சிஸ்" என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்தக் கோப்புகள் வன்தட்டுக்குப் போய்ச் சேரும். ஆனால் ஃபிளாப்பியில் இருப்பது டாஸ் 5, தட்டில் இருப்பது டாஸ் 6 என்றால் இரண்டும் ஒத்துப்போகாது. பதிப்பு பொருந்த வேண்டும். இந்தப் பாடத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

அந்த டாஸ் காலத்திலேயே தமிழ் கணினிக்கு வந்துவிட்டது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. கனடாவில் இருந்த முனைவர் சீனிவாசன் 1984 வாக்கில் "ஆதமி" என்ற தமிழ்ச் சொற்செயலியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் "முரசு" வேலையைத் தொடங்கினார். இயங்குதளத்துக்குத் தமிழ் என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. மண்டபத்தில் பாத்திரமே இல்லாததால், எழுத்து வடிவத்திலிருந்து விசைப்பலகை வரை எல்லாவற்றையும் இவர்களே சுமந்து வந்து சமைத்தார்கள்.

விண்டோஸ் பரவியதும் எழுத்துரு என்ற குறுக்குவழி கிடைத்தது. கணினி ஆங்கில எழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கும் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்துவிடுவது. பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள்; இலங்கையிலும் புலம்பெயர் தமிழரிடையிலும் மிகவும் பரவிய எழுத்துரு. அதில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தையும் ஓர் அரைப்புள்ளியையும் தட்டினால் திரையில் "தமிழ்" என்று வரும். ஜே இடத்தில் த, கே இடத்தில் ம, பி இடத்தில் இகரக் கொக்கி, ஓ இடத்தில் ழ, அரைப்புள்ளி இடத்தில் மெய்ப்புள்ளி. கணினிக்குள் இருப்பது ஆங்கிலம். கண்ணுக்குத் தெரிவது தமிழ். பாமினி என்ற அந்த ஒரு கோப்பு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரியும்.

குடும்ப வரலாறு குப்பையாக வருகிறது என்று கேட்ட தம்பிக்கு இதுதான் பதில். உங்கள் அப்பா எழுதியதில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. அதைப் படிக்கத் தெரிந்த ஒரு கோப்புதான் காணாமல் போயிருக்கிறது.

ஒரே ஓர் எழுத்துரு என்றால் பரவாயில்லை. தமிழில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் ஆர்வலரும் தனித்தனி வரிசையில் எழுத்துரு செய்தார்கள். மயிலை, இணைமதி, ஸ்ரீலிபி, வானவில் அவ்வையார், இளங்கோ என்று எத்தனையோ. ஒன்றில் "க" இருக்கும் இடத்தில் இன்னொன்றில் "னூ" இருக்கும். அச்சகத்துக்கு அழைப்பிதழ் கொடுக்கப் போனால், "எழுத்துருவையும் கொண்டுவந்தீர்களா சார்?" என்று கேட்பார்கள். ஃபிளாப்பியில் மணமக்கள் பெயரோடு எழுத்துருவும் சேர்ந்து போகும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997-இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சிங்கப்பூர் மாநாட்டுக்கு முன்னின்றவர் நா. கோவிந்தசாமி, இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடி, 1999-இலேயே காலமாகிவிட்டார். சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு "தமிழ் 99" விசைப்பலகையையும், டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் ஏற்றது. உலகெங்கும் இருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து "திஸ்கி" என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் அறிவியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். சங்க இலக்கியம் முதல் இக்கால நூல்கள் வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கும் திட்டம். அவர்கள் முதலில் சில எழுத்துருக்களில் ஏற்றி, பிறகு திஸ்கிக்கு மாற்றி, அதன்பின் யூனிகோடுக்கும் மாற்றினார்கள். ஒரே நூலை மூன்று முறை வீடு மாற்றியிருக்கிறார்கள். அப்படி மாற்றியதால்தான் இன்று உங்கள் கைப்பேசியில் புறநானூறு திறக்கிறது.

இனி யூனிகோடு. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் முறை. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. இந்தியாவின் இஸ்கி என்ற குறியீட்டைப் பின்பற்றி, 247 எழுத்துக்கும் தனி இடம் கொடுக்காமல், உயிரெழுத்து, அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றுக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். "கி" என்பது கணினிக்குள் இரண்டு எண்: ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று.

இங்கேதான் நம் கதையின் நாயகன் வருகிறான். "கெ" என்று எழுதும்போது நாம் முதலில் ஒற்றைக்கொம்பைப் போட்டுவிட்டுப் பிறகு ககரத்தை எழுதுகிறோம். யூனிகோடு சேமிப்பதோ ஒலி வரிசைப்படி: முதலில் ககரம், பிறகு கொம்பு. திரையில் காட்டும்போது யாராவது அந்தக் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். "கொ" என்றால் குறியையே இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். விண்டோஸில் இந்த வேலையைச் செய்தது ஒரே ஒரு கோப்பு. பெயர் யு.எஸ்.பி.10.டி.எல்.எல். பென்டிரைவ் செருகுகிறோமே, அந்த யு.எஸ்.பி. அல்ல. "யூனிஸ்கிரைப்" என்ற எழுத்துக் கோக்கும் பொறி இருக்கும் கோப்பு இது. அந்தக் கோப்பு இல்லாவிட்டாலோ பழையதாக இருந்தாலோ கொம்பு ஓரிடம், ககரம் ஓரிடம், நடுவில் ஒரு புள்ளி வட்டம் என்று தமிழ் உடைந்து கிடக்கும்.

விண்டோஸ் 98-இல் இந்தக் கோப்பு இயல்பாகக் கிடையாது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் புதிய பதிப்பை நிறுவினால் அதனோடு வந்து சேரும். 2000 பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000-இல்தான் முதன்முதலாகத் தமிழ் உள்ளிருந்தே வந்தது, லதா என்ற எழுத்துருவோடு. அடுத்த ஆண்டு எக்ஸ்.பி. வந்தது. வீட்டுக்கு வீடு, பிரவுசிங் சென்டருக்குச் சென்டர் எக்ஸ்.பி.தான். ஆனால் அதில் தமிழ் முழுதாக வேலை செய்யும்படி நிறுவப்பட்டிருக்காது. கன்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழிகள் பகுதியில், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற சிறு கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டதும் கணினி கேட்கும்: "விண்டோஸ் சி.டி.யைச் செருகு."

சி.டி. யாரிடம் இருந்தது? நம் ஊரில் கணினி வாங்கிய எத்தனை பேருக்கு அசல் சி.டி. கையில் வந்தது? கடைக்காரர் நிறுவிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். சேலத்துக்குப் போய் யாரிடமாவது சி.டி. கடன் வாங்கி வந்தால், சர்வீஸ் பேக் பதிப்பு பொருந்தாது. டாஸ் காலத்துப் பாடமேதான்! விவரம் தெரிந்தவர்கள் சி.டி.யின் ஐ386 என்ற அடைவை வன்தட்டிலேயே நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். சிலர் புதிய யு.எஸ்.பி.10 கோப்பை மட்டும் தேடிப் பிடித்துப் பழையதன் மேல் வைத்தார்கள். மேலே சொன்ன காவல்காரன் சத்தமில்லாமல் பழையதையே திரும்ப வைத்துவிடுவான். அதற்கும் வழி கண்டார்கள்: கோப்பை விண்டோஸ் அடைவில் வைக்காமல், மென்பொருளின் சொந்த அடைவிலேயே வைப்பது. நிரல் முதலில் தன் வீட்டுப் பாத்திரத்தைத்தான் தேடும் என்பதால் பல நேரங்களில் இது பலித்தது.

இந்தச் சின்னக் கோப்புக்காக இவ்வளவு பாடா என்று தோன்றலாம். ஆனால் காலத்தைப் பாருங்கள். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதே ஆண்டுகளில் தமிழ் வலைப்பதிவுகள் முளைத்தன. 2004-இல் காசி ஆறுமுகம் "தமிழ்மணம்" தொடங்கினார். எல்லாம் யூனிகோடு. எழுதுகிறவர் கணினியில் சரியாக இருந்தது, படிக்கிறவர் கணினியில் உடைந்தது. "எனக்குக் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே" என்பதுதான் அந்தக் காலத்தில் தமிழ் இணையத்தில் அதிகம் கேட்ட வாக்கியமாக இருக்கும்.

அதைத் தீர்த்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். முகுந்தும் அவருடைய தமிழா குழுவினரும் "எ-கலப்பை" கொடுத்தார்கள். ஜெர்மனியில் இருந்த சுரதா யாழ்வாணன் "பொங்குதமிழ்" என்ற எழுத்துரு மாற்றியை இலவசமாக வைத்தார். பாமினி, திஸ்கி, டாப் எதை ஒட்டினாலும் யூனிகோடாக மாற்றித் தரும். நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் நாகராஜன் உருவாக்கிய "என்.எச்.எம். ரைட்டர்" என்ற சிறு மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. எக்ஸ்.பி.யில் அதை நிறுவினால் சி.டி. கேட்காமலேயே தமிழுக்கு வேண்டிய கோப்புகளைச் சரிசெய்துவிடும். காணாமல் போன பாத்திரத்தையும் கையோடு கொண்டுவந்த சமையல்காரர்! 2007-இல் விஸ்டா வந்தபின் இந்தத் தொல்லை இல்லை. தமிழ் தானாகவே சரியாகத் தெரிந்தது. 2010 ஜூனில் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. அதோடு டேஸ் 16 என்ற குறியீட்டையும் மாற்று ஏற்பாடாக வைத்தது.

சரி, இதெல்லாம் தமிழ் ஆர்வலர் கவலை, சாதாரண மனிதருக்கு என்ன என்று கேட்பீர்கள். நம் மலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், பெயர் எதுவும் வேண்டாம்.

என்னிடம் படித்த ஒருவனின் அம்மா காபித் தோட்டத் தொழிலாளி. வேலையிலிருந்து நிற்கும்போது பணிக்கொடை கணக்குப் பார்த்தார்கள். தோட்டம் இடையில் கைமாறியிருந்தது. புது அலுவலகத்தில் இருந்த பதிவு பிற்பாதிக்கு மட்டும்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளின் மஸ்டர் ரோல் ஒரு பழைய கணினியில் இருக்கிறது, அது ஓடவில்லை, காகிதத்தில் இருந்தது கரையான் தின்றுவிட்டது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அலமாரி மேல் கணினி இருந்தது, உயிர் இல்லை.

அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, நிறைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி. ஆண்டு நிறைந்தது என்று காட்ட, அந்த ஆண்டில் 240 நாள் வேலை செய்த கணக்கு வேண்டியிருந்தது. அந்த 240 எங்கே இருக்கிறது? ஓடாத கணினிக்குள்.

நம் மாணவர்களில் கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர் சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். மின்சாரம் கொடுத்ததும் வன்தட்டு சுற்றியது. திரையில் அந்தப் பழைய வரி: கமாண்ட் இன்டர்பிரட்டர் இல்லை. அவர் முதலில் செய்த வேலை எதையும் சரிசெய்வது அல்ல; தட்டைக் கழற்றி, தன் மடிக்கணினியோடு இணைத்து, உள்ளே இருந்த அத்தனையையும் நகல் எடுத்தார். "சார், நோயாளிக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் எடுத்து வைக்கிற மாதிரி" என்றார். பிறகுதான் அதே பதிப்பு டாஸ் ஃபிளாப்பியால் எழுப்பி, சிஸ்டம் கோப்புகளை ஏற்றினார். கணினி எழுந்தது. மஸ்டர் நிரலை ஓட்டினால் அடுத்த முட்டுக்கட்டை. அது ஃபாக்ஸ்புரோவில் எழுதியது, ஓடுவதற்கு இ.எஸ்.எல். என்று முடியும் துணைக்கோப்பு ஒன்று வேண்டும், அது பழுதாகியிருந்தது. டப்பாவிலிருந்த ஃபிளாப்பிகள் ஐந்தில் மூன்று பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. நம் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியாததா? கடைசியில் அதே ஆள் அதே நிரலைப் போட்டுக் கொடுத்த இன்னொரு தோட்டத்தில் அந்தக் கோப்பு கிடைத்தது.

நிரல் ஓடியது. அந்த அம்மாவின் பெயர் ஆங்கிலத்தில் தப்பும் தவறுமாக இருந்தது. பதிவு எண் சரியாக இருந்தது. ஆண்டுவாரியாக நாள் கணக்கு வந்தது. 240-க்கு மேல் நின்ற ஆண்டுகள் பதினொன்று. பதினொன்று பெருக்கல் 15, ஆக 165 நாள் கூலி. அலுவலகமும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. அதே நிரலில் மேலும் சிலருடைய கணக்கும் இருந்தது, அவர்களுக்கும் எடுத்துக் கொடுத்தார்கள்.

பிறகு அந்தத் தம்பி ஒன்று சொன்னார். நிரல் ஓடாமலே போயிருந்தாலும் கதை முடிந்திருக்காதாம். ஃபாக்ஸ்புரோ தன் விவரங்களை டி.பி.எஃப். என்ற கோப்பில் வைக்கும். அதை இன்றைய லிப்ரே ஆஃபீஸ் அப்படியே அட்டவணையாகத் திறக்கும். சமையல்காரர் வராவிட்டாலும் அரிசி மூட்டை பத்திரமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

இனி, கடைக் கணக்கு மென்பொருள் ஓடவில்லை என்றவருக்கு. முதலில் எந்தக் கோப்பு இல்லை என்று கணினி சொல்லும் பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். பெயரிலேயே ஊர் தெரியும். வி.பி.ரன் 300 என்றால் விஷுவல் பேசிக் 3-இல் எழுதிய நிரல். எம்.எஸ்.வி.பி.வி.எம். 50 என்றால் ஐந்தாம் பதிப்பு, 60 என்றால் ஆறாம் பதிப்பு. ஆறாம் பதிப்புக்கு வேண்டியது இன்றைய விண்டோஸிலும் உள்ளேயே இருக்கிறது. ஐந்துக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் நாம்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும். உதவிப் பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால், விஸ்டாவிலிருந்து மைக்ரோசாஃப்ட் பழைய உதவி நிரலை எடுத்துவிட்டதுதான் காரணம்.

கோப்பு கிடைத்தாலும் ஓடாத நிரல்களும் உண்டு. டாஸ், விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸ் ஏற்காது; விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில்தான். வேறு சில நிரல்கள் கணினி வேகம் தாங்காமல் விழும். டர்போ பாஸ்கலில் எழுதியவை வேகமான கணினியில் "பிழை எண் 200" என்று நின்றுவிடும். தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளக்கப் போய், அளவுகோல் போதாமல் போவதுதான் காரணம். இங்கெல்லாம் பழைய மண்டபத்தையே மறுபடி கட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் 2002-இலிருந்து இருக்கிறது. புதுக் கணினிக்குள் ஒரு பழைய டாஸ் கணினியாக அது நடிக்கும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். ஃப்ரீடாஸ் என்று 1994-இல் ஜிம் ஹால் தொடங்கியது, டாஸுக்குப் பதிலாக யாரும் காசில்லாமல் பயன்படுத்தும் இயங்குதளம். லினக்ஸில் விண்டோஸ் நிரல் ஓட ஒயின் என்று ஒன்று 1993-இலிருந்து வளர்கிறது. மைக்ரோசாஃப்டே தன் டாஸின் பழைய பதிப்புகளின் மூல நிரலை 2014-இல் கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. 2024-இல் நான்காம் பதிப்பையும் வெளியிட்டது. உலகம் இதை வரலாறாக நினைத்துப் பாதுகாக்கிறது, நாம் பழைய இரும்புக் கடையில் போடுகிறோம்.

வரலாற்று ஆசிரியனாக ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, ஓலை கிழியும் என்பதால். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு இல்லை. படிக்கிறவர் தன் அறிவால் புள்ளியை இட்டு நிரப்பிப் படித்தார். அதாவது எழுத்தின் பாதி ஓலையில் இருந்தது, மீதி ஆசிரியர் தலையில் இருந்தது. அந்த ஆசிரியர் பரம்பரை அறுந்தபோது ஓலை இருந்தும் படிக்க ஆளில்லை. உ.வே.சா. பட்ட பாட்டில் ஓலை தேடி அலைந்தது ஒரு பாதி. கிடைத்ததைப் படித்து முடிச்சவிழ்த்தது இன்னொரு பாதி. சீவகசிந்தாமணி 1887-இல் அச்சானதற்குப் பின்னால் அந்த இரண்டும் இருக்கிறது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபின் பிறந்த நீங்கள், தாத்தா எழுதிய தும்பிக்கை வைத்த "லை"யைப் பார்த்து விழித்ததும் அதே கதைதான். எழுதியது அழியாமல் இருந்தால் மட்டும் போதாது. அதைப் படிக்கும் வழியும் கூடவே பிழைத்திருக்க வேண்டும். ஓலைக்கு இந்த நிலை வர நூறு இருநூறு ஆண்டு ஆயிற்று. கணினிக்கு இருபதே ஆண்டு போதும்.

ஆகவே வீட்டில் பழைய கணினியோ ஃபிளாப்பியோ சி.டி.யோ வைத்திருப்பவர்கள் இதைச் செய்யுங்கள்:

1. எதையும் பழுதுபார்க்கும் முன் முழு நகல் எடுங்கள். பழைய வன்தட்டை இணைக்கும் கேபிளும் யு.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவும் இன்னும் கிடைக்கின்றன. இருப்பது இருக்கிறபடி முதலில் வெளியே வரட்டும்.

2. தமிழ் ஆவணம் குப்பையாகத் தெரிந்தால் அழிக்காதீர்கள். வேர்டு கோப்பாக இருந்தால், அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் எழுத்துருப் பெட்டியில் அதன் பெயர் தெரியும். அந்தப் பெயர்தான் சாவி. வெறும் டெக்ஸ்ட் கோப்பாக இருந்தால் எழுத்துருப் பெயர் இருக்காது. மாற்றியில் ஒவ்வொரு குறியீடாகப் போட்டுப் பாருங்கள், ஏதாவது ஒன்றில் தமிழ் மலரும்.

3. யூனிகோடுக்கு மாற்றியபின் ஒரு முறை நிதானமாகப் படித்துத் திருத்துங்கள். மாற்றிகள் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லையும் எண்களையும் சில நேரம் தமிழாக்கிவிடும். பெயர், தேதி, தொகை மூன்றையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

4. மாற்றியபின்னும் பழைய கோப்பையும் அதன் எழுத்துருவையும் ஒரே அடைவில் சேர்த்து வையுங்கள். நிரலாக இருந்தால் நிறுவும் சி.டி., துணைக்கோப்புகள், எந்த விண்டோஸில் ஓடியது என்ற குறிப்பு எல்லாம் சேர்த்து.

5. காணாமல் போன டி.எல்.எல்.லை முன்பின் தெரியாத இணையதளத்தில் இறக்காதீர்கள். கோப்புப் பெயரில் வைரஸ் வரும். அசல் சி.டி., அந்த மென்பொருள் நிறுவனத்தின் தளம், அதே மென்பொருள் ஓடும் இன்னொரு கணினி, இந்த மூன்றில்தான் தேட வேண்டும்.

6. எக்ஸ்.பி. கணினியை உயிர்ப்பித்தால் இணையத்தோடு இணைக்காதீர்கள். 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு அதற்குப் பாதுகாப்பு நின்றுவிட்டது.

7. மிக முக்கியமானதை ஒரு பிரதி நல்ல தாளில் அச்செடுத்து வையுங்கள். தாளுக்கு எந்தத் துணைக்கோப்பும் வேண்டாம்.

பரணில் ஃபிளாப்பி வைத்திருக்கும் மூன்றாமவருக்கு: தூக்கிப் போடாதே கண்ணு. கீழே இறக்கி, வெயிலில் காய வைக்காமல், ஈரமில்லாத டப்பாவில் போட்டு, மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்பு. சேலத்துத் தம்பி மே மாதக் கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கேபிள், டிரைவ் எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அந்த ஞாயிறு முழுக்க என் வீட்டுத் திண்ணையில் உட்கார்வோம். யாரிடம் எது இருக்கிறதோ எடுத்து வாருங்கள். வெளியூர், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்ன எழுத்துரு, என்ன நிரல், எந்த ஆண்டு என்று கீழே எழுதுங்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும்.

உங்கள் அப்பாவோ அம்மாவோ கணினியில் ஏதாவது எழுதி வைத்திருந்தார்களா என்று இன்றைக்கே வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, என்ன எழுத்துருவில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்,
ஒண்டிக்கடை, ஏற்காடு.